மெக்சிகோ வளைகுடாவின் இலவசக் கடலடி வரைபடமும் எண்ணெய்க் கசிவு அடுக்குகளும்: எதை நம்பலாம், எங்கே சறுக்கும்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கடலடி ஆழ வரைபடத்துக்கு முழு மதிப்பெண். கடலடியில் எண்ணெயும் வாயுவும் இயற்கையாகக் கசியும் இடங்களைக் குறிக்கும் கசிவு அடுக்குகளுக்கு நல்ல மதிப்பெண், ஆனால் அடுக்கின் பெயரை மட்டும் பார்த்து முடிவுக்கு வந்தால் ஏமாற்றம்தான். கூடவே வரும் விளக்கக் குறிப்புகளுக்கு பாஸ் மார்க், அதுவும் கொஞ்சம் தாராளமாகப் போட்டால்.

இங்கே எடுத்துக்கொண்டது அமெரிக்க உள்துறையின் கீழ் இயங்கும் கடல்சார் எரிசக்தி மேலாண்மை அமைப்பு, பிஓஇஎம், இலவசமாகத் தரும் தரவுத் தொகுப்பு. மெக்சிகோ வளைகுடாவின் வடபாதியில் எண்ணெய் நிறுவனங்கள் பல ஆண்டுகளாக எடுத்த 3டி சைஸ்மிக் ஆய்வுகள் (ஒலியலையை அனுப்பி, எதிரொலியைக் கொண்டு கடலடியையும் அதன் கீழ் உள்ளதையும் படமெடுப்பவை) சட்டப்படி இந்த அமைப்பிடமும் வந்து சேர்கின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட அந்த ஆய்வுகளிலிருந்து கடலடிப் பரப்பை மட்டும் உரித்தெடுத்து, ஒரே வரைபடமாகத் தைத்து 2017 வாக்கில் பொதுவில் விட்டார்கள். சுமார் 1.4 பில்லியன் பிக்சல். ஒவ்வொன்றும் 40 அடிக்கு 40 அடி, அதாவது ஏறக்குறைய 12 மீட்டர். ஆழம் 40 மீட்டர் முதல் 3,379 மீட்டர் வரை. அதே சைஸ்மிக் தரவில் கடலடியின் எதிரொலி வழக்கத்துக்கு மாறாக இருந்த இடங்களையெல்லாம் சுற்றி வரைந்து ஷேப்ஃபைல் எனும் வரைபடக் கோப்புகளாகத் தனியே தருகிறார்கள். எண்ணெயும் வாயுவும் கீழிருந்து மேலே வந்த வழியைத் தேடுபவருக்கு இந்த இரண்டாவது பாதிதான் உண்மையான சரக்கு.

இறக்கிக்கொள்ளும் முன் ஒரு தகவல்: 2025 ஜனவரிக்குப் பிறகு அமெரிக்க அரசுத் தளங்களில் இந்தக் கடல் ‘அமெரிக்க வளைகுடா’ என்ற பெயரில் இருக்கிறது. பழைய பெயரில் தேடிவிட்டுத் தரவையே எடுத்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

வரைபடம் கிழக்கு, மேற்கு என்று இரண்டு ஜியோடிஃப் (இடக்குறிப்புள்ள படம்) கோப்புகளாக வருகிறது. மீட்டரிலும் உண்டு, அடியிலும் உண்டு. மீட்டர் கோப்பையே எடுங்கள். இறக்கிய கையோடு கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் திறந்து பெரிதாக்கிப் பார்க்க முயன்றால் சாதாரண மடிக்கணினி திணறும். முதலில் பிரமிடுகளை (வேகமாகத் திறக்க உதவும் சிறிதாக்கிய நகல்கள்) உருவாக்கிக்கொண்டு, பிறகு வேண்டிய பகுதியை மட்டும் வெட்டிக்கொள்வதே வழி. எண்ணெய் எடுக்கக் குத்தகைக்கு விட, கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்த குத்தகைத் தொகுதி ஒன்று 3 மைலுக்கு 3 மைல். அப்படியானால் ஒரு தொகுதிக்கு 396க்கு 396 பிக்சல். நான்கைந்து தொகுதிகளை வெட்டினால் எந்தக் கணினியிலும் பறக்கும்.

புதியவர்கள் அதிகம் விழும் குழி ஆயக்குறியீடு. வளைகுடாவின் குத்தகைத் தொகுதிகள் 1927-ஆம் ஆண்டின் வட அமெரிக்க டேட்டத்தில் (இடங்களை அளக்கும் அடிப்படைச் சட்டகம்), அதாவது நாட்27-இல், அளக்கப்பட்டவை. இந்தத் தரவுகளும் அந்த வழிதான். செயற்கைக்கோள் படங்களோ டபிள்யூஜிஎஸ்84 என்ற வேறு டேட்டத்தில். மென்பொருள் டேட்டத்தைச் சரியாக அடையாளம் காணாமல், மீட்டர் ஆயங்களை அப்படியே எடுத்துக்கொண்டால் வடக்கு-தெற்காகச் சுமார் 200 மீட்டர் நழுவும். 12 மீட்டர் பிக்சலுக்கு அது பதினாறு பிக்சல். ஒரு கசிவு மேட்டையே பக்கத்துப் பிளவில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடும். எல்லா அடுக்குகளையும் ஒரே டேட்டத்துக்கு முறையாக மாற்றிய பிறகே ஒன்றின் மேல் ஒன்றாகப் போடுங்கள்.

மேடுபள்ளத்தை ஒளியும் நிழலுமாகக் காட்டும் நிழல் வரைபடத்துக்கு 315 பாகை, அதாவது வடமேற்கு, ஒளி என்ற இயல்பு அமைப்பு போதாது. வடமேற்கு-தென்கிழக்காக ஓடும் பிளவுகள் அந்த ஒளியில் மறைந்துவிடும். பல திசை ஒளியைத் தேர்ந்தெடுத்து, செங்குத்து மிகைப்பை (உயரத்தைப் பெரிதாக்கிக் காட்டும் அளவு) ஐந்து மடங்கு வையுங்கள். பக்கத்தில் சரிவு வரைபடம் ஒன்றும் இருக்கட்டும். உப்புக் குவிமாடங்கள், அவற்றுக்கு இடையே வண்டல் தேங்கிய சிறு வடிநிலங்கள், விளிம்புப் பிளவுகள், சேற்று எரிமலைகள், பாக்மார்க் எனும் கடலடிக் குழிகள் எல்லாம் அப்போதுதான் தனித்தனியாகத் தெரியும்.

துல்லியம் பற்றி: ஆழத்தில் சராசரிப் பிழை நீரின் ஆழத்தில் 1.3 சதவீத அளவு. 1,200 மீட்டர் ஆழத்தில் அது 16 மீட்டர் அளவுக்கு வரும். கேட்கப் பெரிதாகத் தோன்றினாலும் கசிவு தேடுபவருக்கு அது பெரிய இடைஞ்சல் இல்லை, ஏனென்றால் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களுக்கு இடையிலான ஏற்ற இறக்கம் அதைவிட நன்றாகவே பதிவாகியிருக்கிறது. கவனிக்க வேண்டியது இரண்டு ஆய்வுகள் சந்திக்கும் தையல். நேர்கோடாக, கணக்குப் போட்டு வெட்டியதுபோல ஒரு படி தெரிந்தால் அது பிளவு அல்ல, தையல். சைஸ்மிக் ஓட்டத்திசையில் வரிவரியாக விழும் சீப்புத் தடங்களும் அப்படியே. இன்னொன்று நுட்பமானது: வாயு நிறைந்த சேற்றில் எதிரொலியின் துருவம் தலைகீழாகிவிடும். அந்த இடத்தில் கடலடியைத் தானாகத் தொடரும் நிரல் தவறான அலைமுகட்டைப் பிடித்து, இல்லாத குழியையோ மேட்டையோ சில மீட்டருக்குக் காட்டலாம்.

இனி கசிவு அடுக்குகள். இவற்றைப் படிக்கக் கொஞ்சம் புவியியல் தேவை.

இந்தப் பகுதியின் எண்ணெயில் பெரும்பங்கு மேல் ஜுராசிக் காலத்து மூலப்பாறைகளில், முக்கியமாக டிதோனியன் அடுக்குகளில், வெந்து உருவானது. அதற்கும் கீழே கிடந்த லூவான் உப்பு, மிசிசிப்பி கொண்டுவந்து கொட்டிய வண்டலின் எடையால் பிதுங்கி மேலேறியது. உப்பு எழுந்த இடங்களின் விளிம்பில் அடுக்குகள் உடைந்து, கடலடி வரை நீளும் பிளவுகள் உண்டாயின. கிலோமீட்டர் கணக்கில் கீழே இருக்கும் எண்ணெய்க்கு இந்த விளிம்புகள்தான் படிக்கட்டு. ஆகவே வரைபடத்தில் கசிவு அடையாளங்கள் சிறு வடிநிலத்தின் நடுவில் இல்லாமல் உப்பின் ஓரத்தில் மாலைபோல் கோத்துக் கிடப்பது தற்செயல் இல்லை. நடுவில் தனியாக ஒன்று கிடந்தால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மேலே வந்த மீத்தேன் கடலடிச் சேற்றில் நுண்ணுயிர்களிடம் சிக்குகிறது. ஆர்க்கியாக்களும் சல்ஃபேட்டைக் குறைக்கும் பாக்டீரியாக்களும் சேர்ந்து அதை ஆக்சிஜன் இல்லாமலே சிதைக்கின்றன. அப்போது வெளிவரும் பைகார்பனேட், கால்சியத்தோடு சேர்ந்து கார்பனேட் பாறையாக உறைகிறது. சல்ஃபைடு, குழாய்ப் புழுக்களையும் மட்டிகளையும் வளர்க்கிறது. மென்சேற்றின் நடுவே பாறை என்றால் எதிரொலி வழக்கத்தைவிடப் பலமாகத் திரும்பும். அதுதான் தொகுப்பில் வரும் நேர்மறை அடுக்கு. கசிவு வேகமாக இருந்தால் கதை மாறுகிறது. பாறை உறைய நேரமில்லை. வாயு கலந்த சேறு பொங்கி வழியும், அதில் ஒலி நீரைவிட மெதுவாகச் செல்லும், எதிரொலி தலைகீழாகும். அது எதிர்மறை அடுக்கு. மெதுவான கசிவு பாறையைக் கட்டும், வேகமான கசிவு சேற்றைக் கொட்டும், இடைப்பட்ட கசிவில் ஹைட்ரேட்டும் (வாயு சிக்கிய பனிக்கட்டி போன்ற திண்மம்) உயிரினக் கூட்டமும் செழிக்கும். வளைகுடாவில் நீர்மூழ்கிகளில் இறங்கிப் பார்த்தவர்கள் பல ஆண்டுகளாகச் சரிபார்த்த வரிசை இது.

இதிலிருந்து வரும் விளைவைப் பலரும் கவனிப்பதில்லை. நேர்மறை என்றால் இப்போது கசிகிறது என்று பொருளல்ல. கசிவு நின்று ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆனாலும் பாறை அங்கேயே இருக்கும். வண்டல் மூடும் வரை சைஸ்மிக் அதைப் பளிச்சென்றே காட்டும். ஆயிரக்கணக்கான பலகோணங்கள் கொண்ட இந்த அடுக்கை அப்படியே ‘கசிவு வரைபடம்’ என்று அறிக்கையில் ஒட்டுவது, கைவிடப்பட்ட கிணறுகளையும் கிணறு என்று எண்ணுவது போலத்தான்.

உறுதி செய்யப்பட்டவை தனி அடுக்குகளாக வருகின்றன: எண்ணெய், வாயு, ஹைட்ரேட், உயிரினங்கள் என்று. நீர்மூழ்கி, ரோபோ வாகனம், மண் மாதிரி என்று ஏதோ ஒரு வழியில் நேரில் கண்டவை இவை. எண்ணிக்கை குறைவு, நம்பகம் அதிகம். பழகிக்கொள்ள இங்கிருந்து தொடங்குவதே சரி. கிரீன் கேன்யன் 185-ஆம் தொகுதியில் உள்ள புஷ் ஹில் நல்ல பாடம்: சுமார் 540 மீட்டர் ஆழம், அரைக் கிலோமீட்டர் அகல மேடு, ஹைட்ரேட், குழாய்ப் புழுக்கள், எண்ணெய் எல்லாம் ஒரே இடத்தில். அங்கே கசியும் எண்ணெயின் வேதி அடையாளம் பக்கத்துத் தொகுதியின் ஜோலியட் எண்ணெய்வயலோடு பொருந்துகிறது. தேக்கப் பாறையிலிருந்து பிளவு வழியாகக் கடலடிக்கு வரும் பாதையை இத்தனை தெளிவாகக் காட்டும் இடங்கள் குறைவு. ஆழம் அதிகமான உதாரணம் வேண்டுமென்றால் கிரீன் கேன்யன் 600, ஏறக்குறைய 1,200 மீட்டர். வளைகுடாவின் மிகப் பலமான இயற்கை எண்ணெய்க் கசிவுகளில் ஒன்று. மிசிசிப்பி கேன்யன் 118-இல் உள்ள வூல்சி மேடு, ஏறக்குறைய 890 மீட்டர், ஹைட்ரேட்டுக்குப் பார்க்க வேண்டியது. இந்த மூன்றையும் நிழல் வரைபடத்தில் பார்த்துக் கண் பழகிய பிறகு மற்றப் பலகோணங்களைப் பாருங்கள். எது அதே சாயல், எது வேறு என்பது சீக்கிரம் பிடிபடும்.

‘எண்ணெய் இருக்கலாம்’ என்றொரு அடுக்கும் உண்டு. கடல்மேல் எண்ணெய்ப் படலம் காணப்பட்ட இடங்களுக்குக் கீழே உள்ள நேர்மறைகள் அவை. ஆகவே அந்த அடுக்கை எடுத்துக்கொண்டு, செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டு, ‘பொருந்துகிறது, இரண்டு தனிச் சான்றுகள்’ என்று எழுதக் கூடாது. ஒரே சான்றை இரண்டு முறை எண்ணுவதாகும். விளக்கக் குறிப்பில் இதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்க வேண்டும், போடவில்லை.

பொய்யான நேர்மறைகள் எங்கிருந்து வருகின்றன? கடலடி நீரோட்டம் அரித்துப் பழைய இறுகிய அடுக்கை வெளிக்காட்டிய இடங்கள், சிக்ஸ்பீ செங்குத்துச் சரிவை ஒட்டிய பகுதி, நிலச்சரிவில் புரண்ட கட்டிகள், மிசிசிப்பி விசிறியின் மணல் கால்வாய்கள். வடிவம் காட்டிக்கொடுக்கும். கால்வாய் வளைந்து நெளிந்து ஓடும். கசிவுப் பாறை திட்டுத்திட்டாகப் பிளவின் மேல் நிற்கும். எதிர்ப்புறமும் ஏமாற்றம் உண்டு: 2014-இல் ஒகியானோஸ் எக்ஸ்ப்ளோரர் கப்பலின் குழு, மூழ்கிய கப்பலாக இருக்கலாம் என்று ரோபோவை இறக்கியபோது, பூவிதழ் விரித்ததுபோல் உறைந்து நின்ற தார்தான் கிடைத்தது. அத்தகைய சிறு தார்த் திட்டுகளைப் பிரித்துக் காட்டும் கூர்மை 12 மீட்டர் பிக்சலுக்குக் கிடையாது. பாக்மார்க்கும் அப்படியே. 100 மீட்டர் அகலமுள்ளது எட்டு பிக்சலில் நன்றாகத் தெரியும். 30 மீட்டருக்குக் கீழே போனால் வெறும் இரைச்சல்.

கிடைக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். எதிரொலி வீச்சின் எண்கள் தொகுப்பில் இல்லை. பலகோணத்தின் எல்லை மட்டுமே கிடைக்கும். அது எவ்வளவு பலமான நேர்மறை, எல்லைக்கோட்டை எந்த அளவில் வெட்டினார்கள் என்பதை நாமே சோதிக்க முடியாது. மூல சைஸ்மிக் நிறுவனங்களின் சொத்து. 25 ஆண்டு கடந்த பழைய ஆய்வுகளை அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் கடல் சைஸ்மிக் காப்பகத்தில் இறக்கிக்கொள்ளலாம். தரம் பழையது, கோப்பு பெரியது. ஆனால் ஒரு பலகோணத்துக்குக் கீழே பிளவு உண்மையில் இருக்கிறதா, வாயுப் புகைபோக்கி (வாயு மேலேறியதால் சைஸ்மிக் படம் கலங்கித் தெரியும் தூண்) தெரிகிறதா என்று பார்க்க அதுவே போதும்.

உயிருள்ள கசிவா, செத்த பாறையா என்று பிரிக்க இலவச வழி ரேடார் செயற்கைக்கோள். சென்டினல்-1 படங்களைக் கோப்பர்நிகஸ் தளத்தில் கணக்கு தொடங்கி இறக்கலாம். ஒரு படம் ஏறக்குறைய ஒரு ஜிபி. தேடும்போது தேர்ந்தெடுக்க வேண்டியவை ஐடபிள்யூ முறை, ஜிஆர்டி வகை, விவி துருவம். எண்ணெய்ப் படலம் சில சென்டிமீட்டர் நீளச் சிற்றலைகளை அடக்கிவிடுவதால் ரேடார் ஒளி திரும்பி வராது. படலம் கருப்பாகத் தெரியும்.

இந்தப் படங்களைச் செயலாக்கும் ஸ்னாப் மென்பொருளில் வரிசை இது: சுற்றுப்பாதைக் கோப்பைப் பொருத்துதல், வெப்ப இரைச்சல் நீக்கம், அளவுத்திருத்தம், நிலத்தை மறைத்தல், புள்ளி இரைச்சல் வடிகட்டி, பிறகு எண்ணெய்ப் படலம் கண்டறியும் கருவி, கடைசியில் புவியிடத் திருத்தம். கருவியின் இயல்பு அமைப்பு பின்புலச் சாளரம் 0.5 கி.மீ., வாசல் (சுற்றுப்புறத்தைவிட எவ்வளவு கருப்பாக இருந்தால் படலம் என்று எடுப்பது) 2 டெசிபல், குறைந்தபட்சப் பரப்பு 0.1 சதுர கி.மீ. கப்பல் விபத்துக்கு இது சரி. இயற்கைக் கசிவின் படலம் நூல்போல் மெல்லியது. அகலம் நூறு இருநூறு மீட்டர், நீளம் சில கிலோமீட்டர். வாசலைக் கொஞ்சம் குறைத்தால் படலம் முழுசாகப் பிடிபடும், கூடவே குப்பையும் சேரும். வடிகட்டியின் சாளரத்தைப் பெரிதாக வைத்தால் மெல்லிய வால் அழிந்துவிடும். கருவி தரும் விடையைப் பட்டியலாக எடுத்துக்கொண்டு, கண்ணால் ஒவ்வொன்றையும் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

காற்றுதான் எஜமான். விநாடிக்கு 2 மீட்டருக்குக் குறைந்தால் கடல் முழுக்கக் கருப்பு. 10-ஐத் தாண்டினால் படலம் கலைந்துபோகும். 3 முதல் 7 வரை இருந்த நாட்களின் படங்களை மட்டும் எடுங்கள். ஒரு படத்தில் கண்டதை நம்ப வேண்டாம். ஒரே புள்ளியிலிருந்து, காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்ப வாலின் திசை மட்டும் மாறி, மறுபடி மறுபடி தோன்ற வேண்டும். நேர்கோட்டில் பல கிலோமீட்டர் நீண்டு ஒருமுறை மட்டும் வருவது கப்பல் கழுவிய எண்ணெய். விளிம்பு மங்கிய திட்டு பாசிப் படலமோ மழையோ. இப்படிச் சலித்துத்தான் 2015-இல் வந்த ஓர் ஆய்வு வளைகுடா முழுவதிலும் 914 கசிவு மண்டலங்களைக் கணக்கிட்டது.

மீண்டும் மீண்டும் ஒரே புள்ளி என்ற விதிக்கும் ஒரு விலக்கு உண்டு: மிசிசிப்பி கேன்யன் 20. 2004-இல் ஐவன் சூறாவளியில் அங்கிருந்த எண்ணெய் மேடை சரிந்தது. 2019-இல் எண்ணெயைப் பிடிக்கும் அமைப்பு பொருத்தும் வரை ஆண்டுக்கணக்காகப் படலம் வந்துகொண்டே இருந்தது. ரேடாரில் பார்த்தால் அசல் இயற்கைக் கசிவுபோலவே இருக்கும். மேடைகள், குழாய்கள், மூடிய கிணறுகள் ஆகியவற்றின் அடுக்கையும் பிஓஇஎம் தளத்திலேயே எடுத்து, படலத்தின் தொடக்கப் புள்ளிக்கு அருகில் எது இருக்கிறது என்று பார்க்காமல் இயற்கை என்று எழுதாதீர்கள்.

படலம் தொடங்கும் புள்ளிக்கு நேர்கீழே கசிவு இருக்கும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. எண்ணெய் பூசிய குமிழி விநாடிக்கு 15 சென்டிமீட்டர் வேகத்தில் ஏறினால் 1,200 மீட்டரைக் கடக்க இரண்டே கால் மணி நேரம். நடுவில் சராசரி நீரோட்டம் விநாடிக்கு 10 சென்டிமீட்டர் என்றாலே 800 மீட்டர் தள்ளிப்போகும். வளைகுடாவின் வேகமான லூப் நீரோட்டம் அந்தப் பக்கம் வந்திருக்கும் காலத்தில் பல மடங்கு. பத்துப் பதினைந்து படங்களின் தொடக்கப் புள்ளிகளைக் குறித்து, அந்தக் கூட்டத்தின் நடுவிலிருந்து ஓரிரு கிலோமீட்டர் வட்டம் போட்டு, அதற்குள் வரும் நேர்மறைகளைத் தேர்ந்தெடுப்பது நியாயமான முறை. படலமே இல்லாத நேர்மறையைச் செத்தது என்றும் சொல்லிவிட முடியாது. வெறும் மீத்தேன் கசிந்தால் அது வழியிலேயே நீரில் கரைந்துவிடும், மேலே எதுவும் தெரியாது. அதைப் பிடிக்க, பல ஒலிக்கற்றைகளை அனுப்பிப் பார்க்கும் கப்பலின் மல்டிபீம் சோனார்தான் வேண்டும்.

அதற்குப் பிறகு பணம் செலவாகும் கட்டம்: பிஸ்டன் கோர், அதாவது குழாயை இறக்கிக் கடலடி மண்ணை எடுப்பது. குழாயை எங்கே இறக்குவது என்பதில்தான் இந்தத் தொகுப்பு தன் முழுப் பயனைத் தருகிறது. பளிச்சென்ற நேர்மறையின் நடுவில் இறக்கினால் கார்பனேட்டில் மோதிக் குழாய் வளையும், மண் வராது. விளிம்பிலோ, பிளவு கடலடியைத் தொடும் கோட்டிலோ இறக்க வேண்டும். வந்த மண்ணில் மீத்தேனுக்கும் ஈத்தேன், புரொபேன் இரண்டின் கூட்டுத்தொகைக்கும் உள்ள விகிதம் 1,000-ஐத் தாண்டி, மீத்தேனின் கார்பன்-13 ஐசோடோப்பு அளவு (ஆயிரத்தில் இத்தனை என்ற கணக்கில்) -60-க்கும் கீழே இருந்தால் அது பெரும்பாலும் நுண்ணுயிர் செய்த வாயு. விகிதம் 100-க்குள், ஐசோடோப்பு -50-க்கு மேல் என்றால் ஆழத்தில் வெந்து வந்தது. ஆழத்திலிருந்து எண்ணெயும் வாயுவும் மேலேறும் புலம்பெயர்வுப் பாதை ஒன்று திறந்திருக்கிறது என்று தைரியமாக எழுதலாம்.

மன்னார், காவிரிப் படுகைகளில் ஆர்வமுள்ளவர்கள் கேட்கக்கூடும். கடலடி வரைபடமும் அடுக்குகளும் அமெரிக்க நீர்ப்பரப்போடு நின்றுவிடுகின்றன. 3,000 மீட்டர் ஆழத்தில் தார் கொட்டிக் கிடக்கும் சப்போபோட்டே மேடுகூட மெக்சிகோ பக்கம் என்பதால் இதில் இல்லை. ஆனால் ரேடார் முறை அப்படியே பொருந்தும். இலங்கைப் பக்கம் மன்னார்ப் படுகையில் 2011-இல் டொராடோ, பாராகுடா கிணறுகளில் வாயு கிடைத்திருப்பதால் தேடுவதற்குக் காரணமும் உண்டு. வாயுதான் முக்கியம் என்றால் படலம் குறைவாகவே தெரியும் என்பதை நினைவில் வைத்து, கொழும்புக்கு வடமேற்கே 2021-இல் மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலின் இடத்தையும், பெருங்கப்பல்கள் செல்லும் தடங்களையும் முதலில் மறைத்துவிட்டுப் படங்களைப் பாருங்கள். விசைப்படகுகள் கழுவும் எண்ணெயும் ஒருமுறை தோன்றும் கோடுகளாகத்தான் வரும்.